ஒன்றாம் வகுப்பில் அம்மாவுக்கு என்ன வேலை?

நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே, படுகர் ஊரான ஒரு ஹட்டியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். வாரம் ஒருமுறை வகுப்புக்கு வந்து குழந்தைகளின் வாசிப்புக்கு உதவ முடியுமா என்று டீச்சர் பெற்றோரைக் கேட்டிருக்கிறார். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். வீட்டில் படுகு பேசுகிறோம். நான் போய் என்ன செய்வது? தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன ஆவது? வீட்டிலும் அவன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை."

தங்கச்சி, கட்டாயம் போங்கள். நீலகிரியின் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் டீச்சர் உங்களைப் பாடம் நடத்தக் கூப்பிடவில்லை. ஒரு குழந்தை வாய்விட்டு வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரி வரை கேட்பதற்கு ஒரு பெரியவர் வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்பது. அதற்கு எட்டாம் வகுப்புப் படிப்பு தாராளமாகப் போதும்.

டீச்சர் ஏன் தானே கேட்கக்கூடாது என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் 20 குழந்தைகள். ஒவ்வொருவரும் 3 நிமிடம் வாசித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். நம் மலையூர்ப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்பையும் சேர்த்தாலே 60 பேர் தேற மாட்டார்கள். ஆகவே ஒரே டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்து நடத்துவது இங்கே சாதாரணம். 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. டீச்சர் அரும்புக் குழுவோடு இருக்கும்போது மொட்டுக் குழந்தை தன் புத்தகத்தைத் தனியே புரட்டிக்கொண்டிருக்கும். சரியாக வாசிக்கிறதா, வாயை மட்டும் அசைக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்காது. அந்தக் குழந்தையின் பக்கத்தில்தான் உங்கள் இடம்.

முதல் நாளுக்கு முன் டீச்சரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். எந்தக் குழந்தைகள், எந்தப் புத்தகம், எங்கே உட்காருவது, ஒருவருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த நாளும் நேரமும் மாறக்கூடாது. ஆறு வயதுக் குழந்தைகள் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் வராவிட்டால் அன்று முழுவதும் கேட்பார்கள். உங்கள் மகனை முதல் சில வாரங்களுக்கு உங்களிடம் விட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். அம்மாவை வகுப்பில் பார்த்ததும் சில பிள்ளைகள் மடியை விட்டு இறங்காது, சில பிள்ளைகள் வாயே திறக்காது. மற்ற குழந்தைகளோடு நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அவன் பழகட்டும்.

இனி வாசிப்பைக் கேட்கும் விதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு எதிரில் உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். இருவர் கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தையின் விரல் வரிக்குக் கீழே நகரட்டும். ஒரு சொல்லில் நின்றால் உடனே எடுத்துக்கொடுத்துவிடாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றும், ஆனால் குழந்தை அந்த நேரத்தில்தான் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அப்போதும் வரவில்லை என்றால் முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு, அந்த வரியை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். கதை கைவிட்டுப் போய்விடக் கூடாது. படத்தைப் பார்த்து ஊகிக்கும் பழக்கத்தை மட்டும் வளர்க்காதீர்கள். முதலில் எழுத்து, வாசித்த பிறகு படத்தைப் பார்த்துச் சரிதானா என்று அவனே உறுதிப்படுத்திக்கொள்ளட்டும்.

தமிழ் எழுத்தில் குழந்தைகள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் உங்களுக்குப் பொறுமை தானாக வரும். கெ, கே, கை ஆகியவற்றைப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால்தான் வருகிறது. கொ, கோ இன்னும் கடினம்: முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இடமிருந்து வலமாக விரலை நகர்த்திக்கொண்டு வரும் குழந்தை முதலில் கொம்பைத்தான் சந்திக்கிறது. அதை மனதில் பிடித்துவைத்து, அடுத்த எழுத்தையும் பார்த்து, பிறகு வாய் திறக்க வேண்டும். உகர வரிசையில் கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் உருவம். இவை தடுமாறுவதற்கென்றே அமைந்த இடங்கள். 'கொடி' என்பதில் ஒரு குழந்தை நின்றுவிட்டால் அது மக்கு என்று பொருளில்லை.

இன்னொரு இடம் பெரியவர்கள் கவனிக்காதது. 'பக்கம்', 'பகல்', 'தங்கம்' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் க என்ற ஒரே எழுத்து. ஒலி மூன்று விதம். 'பட்டம்' என்பதில் ட அழுத்தமாக ஒலிக்கிறது, 'படம்' என்பதில் மென்மையாக ஒலிக்கிறது. நாம் தமிழைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததால் இது நமக்குப் பழகிவிட்டது. எழுத்துக் கூட்டும் குழந்தையோ அட்டவணையில் கற்றபடி ப, ட, ம் என்று தனித்தனியே அழுத்திச் சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்த சொல் எது என்றே தெரியாமல் விழிக்கும். எழுத்து மூன்றும் சரி, சொல் மட்டும் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் "தப்பு" என்று சொன்னால் குழந்தைக்கு எது தப்பு என்று புரியாது. "எழுத்தெல்லாம் சரியாகச் சொன்னாய். இப்போது சேர்த்து வேகமாகச் சொல்" என்றால், இரண்டாவது அல்லது மூன்றாவது முறையில் 'படம்' என்று சட்டென்று வந்துவிடும். அப்போது அந்த முகத்தைப் பாருங்கள்!

புத்தகத்தில் 'இருக்கிறது' என்று இருக்கும். குழந்தை 'இருக்கு' என்று வாசிக்கும். திருத்த வேண்டாம். வரியின் பொருளைப் புரிந்துகொண்டு தன் பேச்சில் சொல்கிறது. வாசிப்பு பழகப் பழக எழுத்தில் உள்ளபடி சொல்லத் தானே கற்றுக்கொள்ளும். ல, ள, ழ உச்சரிப்பையும் இந்த வயதில் விட்டுவிடலாம்.

இதே வரிசையில்தான் உங்கள் படுகு மொழியைப் பற்றிய கேள்வியும் வருகிறது. ஒருமுறை ஒரு சிறுமி 'பால்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து "ஹாலு!" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் சிரித்தான். அவளைவிட நன்றாக அந்தச் சொல்லை யாராலும் வாசித்திருக்க முடியாது. எழுத்தை ஒலியாக்கி, ஒலியைச் சொல்லாக்கி, சொல்லைத் தன் வீட்டு அடுக்களை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூ என்று இந்த உறவை வகுப்பில் அவளோடு சேர்ந்து விளையாட்டாகச் சொல்லிப் பார்க்க ஒரு படுகு பேசும் அம்மா இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! டீச்சர் கீழே சமவெளியிலிருந்து மாறுதலாகி வந்தவராக இருந்தால், அவரிடம் இல்லாத ஒரு திறமை உங்களிடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் ஒரே வகுப்பறைக்குள் எத்தனை வீட்டு மொழிகள்! கோத்தகிரிப் பக்கம் படுகரோடு இருளர், குறும்பர், கோத்தர் வீட்டுப் பிள்ளைகள்; கூடலூர், பந்தலூரில் பணியர், காட்டுநாயக்கர், மலையாளம் பேசும் குடும்பங்கள்; 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். பள்ளிக்கு வந்த முதல் வருடம் சில பிள்ளைகள் பேசாமலே இருப்பார்கள். அவர்களுக்குப் புத்தகத்தில் இருக்கும் தமிழ் புதிது, வகுப்பும் புதிது. அந்த மொழி தெரிந்த ஒரு பாட்டியோ சித்தியோ வாரம் ஒருமுறை வந்து, புத்தகத்தில் உள்ள படத்தைக் காட்டி அவர்கள் மொழியில் கதையைச் சொல்லிவிட்டால், பிறகு டீச்சர் அதே கதையைத் தமிழில் வாசிக்கும்போது அந்தப் பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு கேட்பார்கள். வீட்டு மொழி தமிழ் வாசிப்புக்குக் குறுக்கே நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டு மொழியில் கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்குக் கதை எப்படிப் போகும், அடுத்து என்ன வரும் என்பது முன்பே தெரியும். அந்தத் தெம்போடுதான் எழுத்துக்கு வருகிறது. வாசிக்கவே தெரியாத பாட்டிக்கும் இதனால் வகுப்பில் இடம் உண்டு.

வகுப்பில் செய்ய எனக்கு மிகப் பிடித்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். டீச்சரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளை இரண்டாக, பிறகு நான்காக மடித்து, ஓரத்தைக் கத்தரித்து நடுவில் நூல் கோத்தால் எட்டுப் பக்கச் சிறு புத்தகம் கிடைக்கும். குழந்தையிடம் "நேற்று உங்கள் வீட்டுப் பக்கம் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அது சொல்லச் சொல்ல, பக்கத்துக்கு ஒரு வரியாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். 'காட்டெருமை வந்தது.' 'பாட்டி கதவைச் சாத்தினாள்.' 'நாய் குரைத்தது.' 'காட்டெருமை போகவில்லை.' படம் குழந்தை வரையட்டும். அட்டையில் அதன் பெயரை எழுதிவிடுங்கள். தன் வாயால் சொன்ன வரி என்பதால் அதை வாசிக்கக் குழந்தைக்குப் பயமே இருக்காது. மறுவாரம் மற்ற குழந்தைகளும் அதைக் கேட்டு வாங்கி வாசிப்பார்கள். மைதானத்தில் விளையாடும் சமவெளிக் குழந்தையின் கதையைவிடத் தேயிலைக்குள் வந்து நின்ற காட்டெருமையின் கதையைத்தான் நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள்.

மெதுவாக வாசிக்கும் குழந்தையை வேகப்படுத்த முயல வேண்டாம். புதிதாகக் கொழுந்து பறிக்க வரும் பெண்ணின் கை முதலில் ஒவ்வொரு துளிராகத் தேடும், பழகிய பிறகு கண்ணுக்கு முன்னே கை போகும். வாசிப்பும் அப்படிப் பழக்கத்தால்தான் வேகமெடுக்கும். அதனால் அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மறுக்காதீர்கள். "இதுதான் முடிந்துவிட்டதே, வேறு எடு" என்று சொல்லும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்த கதையில்தான் வாய் சரளமாக ஓடும்.

செய்யக்கூடாதவை சிலவும் உண்டு. வகுப்பில் எந்தக் குழந்தை அரும்பில் இருக்கிறது, எது இன்னும் எழுத்துக் கூட்டுகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியவரும். அது பஸ் நிறுத்தத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் பேச்சாகக் கூடாது. நம் ஊர்களில் ஒருவருக்கொருவர் எல்லாரும் சொந்தம். சொன்ன சொல் சாயங்காலத்துக்குள் அந்தத் தாயின் காதுக்குப் போய்விடும், அவள் வீட்டில் அந்தக் குழந்தையைத்தான் அடிப்பாள். குழந்தைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து யாருக்கும் அனுப்பக்கூடாது. எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியே இருக்க வேண்டாம். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் டீச்சரிடம் சொல்லுங்கள். திட்டுவது, குட்டுவது, மற்றவர் முன் கேலி செய்வது கூடவே கூடாது. அடிப்பதோடு மனதைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. வகுப்புக்கு வரும் பெற்றோரும் அதே ஒழுங்கில்தான் நடக்க வேண்டும்.

வீட்டில் புத்தகத்தைத் தொடுவதில்லை என்றீர்கள். எந்தப் புத்தகத்தை, எந்த நேரத்தில் நீட்டுகிறீர்கள் என்று யோசியுங்கள். பள்ளி விட்டு மலையேறி நடந்து வந்து, குளிரில் பசியோடு நிற்கும் பிள்ளையிடம் பாடப் புத்தகத்தை எடுக்கச் சொன்னால் ஓடத்தான் செய்வான். சாப்பாடு முடிந்து, கம்பளிக்குள் நுழைந்த பிறகு பத்து நிமிடம் போதும். பாடப் புத்தகம் வேண்டாம், கதைப் புத்தகம். அவனை வாசிக்கச் சொல்லாதீர்கள், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தோளில் சாய்ந்துகொண்டு அவன் படம் பார்க்கட்டும். முடிந்ததும் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம். "இந்த நரி செய்தது எனக்குப் பிடிக்கவில்லை" என்று நீங்கள் உங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னால் அவன் தானாகவே பேச ஆரம்பிப்பான். முடிகிற நாளில் அப்பா வாசிக்கட்டும். ஆண் பிள்ளைகள் அப்பா கையில் புத்தகத்தைப் பார்ப்பது அபூர்வம்; பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

புத்தகத்துக்கு வெளியேயும் எழுத்து கொட்டிக் கிடக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது முகப்புப் பலகையைக் காட்டுங்கள்: கட்டபெட்டு, அரவேணு, சோலூர்மட்டம், குஞ்சப்பனை. நம் ஊர்ப் பெயர்களிலேயே ட்ட, ஞ்ச, ணு எல்லாம் வந்துவிடுகின்றன. 'சோ' என்பதில் முன்கொம்பும் பின்காலும் இருக்கிறது பாருங்கள். எந்த பஸ் வருகிறது என்று வாசித்துச் சொல்லும் வேலையை அவனிடமே ஒப்படையுங்கள். கொழுந்து எடை போட்டுத் தரும் சீட்டில் தேதியையும் கிலோவையும் வாசிக்கச் சொல்லுங்கள். ரேஷன் கடைப் பலகையும் அப்படித்தான்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? முதலில் பள்ளியிலேயே கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறு சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. உங்கள் மகனுக்கு 'நுழை'யும் 'நட'வும் சரியாக இருக்கும். கோத்தகிரி, குன்னூர் போன்ற ஊர்களில் பொது நூலகத் துறையின் கிளை நூலகங்கள் இருக்கின்றன. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக 1948இல் பொது நூலகச் சட்டம் கண்டது நம் சென்னை மாகாணம். அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சந்தைக்குப் போகும் நாளில் அவனையும் அழைத்துப் போய் உறுப்பினராக்கிவிடுங்கள். காசு கொடுத்து வாங்குவதானால் நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா, பிரதம் புக்ஸ் ஆகியோரின் தமிழ்ப் படக்கதைகள் நன்றாக இருக்கும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, நிலை வாரியாகப் பிரித்தும் இருக்கிறார்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் போதும். ஆனால் சின்னக் குழந்தைக்குக் கையில் பிடித்துப் புரட்டும் தாள் புத்தகத்துக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, வரிக்குப் பொருத்தமான படம். இவை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

வகுப்புக்கு வர முடியாத பெற்றோர் இருப்பார்கள். தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகும் தாய், ஒரு மணி நேரம் விட்டாலும் அன்றைய கூலி போய்விடும். அவர்களைக் குறை சொல்லும் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். உறைபனி விழும் மாதங்களில் கொழுந்து குறையும்போது அவர்களும் வரலாம். இல்லாவிட்டால் தாத்தா வரட்டும். அதுவும் முடியாதவர்கள் இரவில் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டால் அதுவே பெரிய உதவி. படிக்கத் தெரியாத பெற்றோர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

கடைசியாக, பள்ளியின் புத்தக அலமாரி. பல பள்ளிகளில் நல்ல புத்தகங்கள் பூட்டிய அலமாரிக்குள் இருக்கின்றன. தொலைந்தால், கிழிந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் ஆசிரியர்களுக்கு. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் பயத்தைப் பெற்றோர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று அம்மாக்கள் சேர்ந்து ஒரு நோட்டில் யார் எதை எடுத்தார்கள் என்று எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். கிழிந்ததை ஒட்டுங்கள். நம் ஊர் ஈரத்தில் புத்தகம் பூஞ்சை பிடிக்கும். மழை விட்டு வெயில் வரும் நாட்களில் வெளியே எடுத்துக் காயவையுங்கள். பூட்டி வைத்தால்தான் பூஞ்சை இன்னும் சீக்கிரம் பிடிக்கும் என்பதையும் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பிளாஸ்டிக் உறையும் துணிப்பையும் இருந்தால் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை எழுப்புங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் 75 சதவீதம் பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆகவே அந்தக் கூட்டத்தில் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. வாரத்தில் ஒரு நாள் குழந்தைகள் புத்தகம் எடுத்துப் போகலாம், இயல்பாகக் கிழிந்தால் யாரிடமும் காசு கேட்கப்படாது என்று இரண்டே வரியில் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். அதில் தலைமையாசிரியரும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் டீச்சர் சாவியை உங்கள் கையில் தருவதற்குத் தயங்க மாட்டார்.